நடுக்கொம்பு

நான்குதான். மறுபடியும் எண்ணினேன். புழுவின் தலைப்பக்கம் இரண்டு கொம்பு, வால்பக்கம் இரண்டு, நடுவில் ஒன்றும் இல்லை, கறுப்பும் வெள்ளையும் மஞ்சளுமாக வரி மட்டும் ஓடுகிறது. பேச்சியம்மா ஆறு என்கிறாள். நேற்றுச் சாயங்காலம் குழாயடியில் என் போனை வாங்கி, நான் எடுத்த போட்டோவை இரண்டு விரலால் பெரிதாக்கிப் பார்த்து, "ஆறு கொம்புல்லக்கா இருக்கு" என்று சொல்லிவிட்டுக் குடத்தைத் தூக்கிக்கொண்டு போய்விட்டாள். பக்கத்து அறைக்காரி, உப்புப் போட்டோமா இல்லையா என்று தெரியாமல் ஒரே குழம்புக்கு இரண்டு தடவை போடுகிறவள், அவள் எண்ணிக்கையை நான் எதற்கு நம்ப வேண்டும். ஆனால் அவள் சொன்னது சரியாக இருந்தால், இந்த எருக்கம் புழுவுக்கு ஆறு கொம்பு இருந்தால், குறை புழுவில் இல்லை, என் கண்ணில். என் கண்ணில் என்றால், பத்து மணிக்கு வேனில் ஏறப்போகிற நாற்பத்தாறு பெட்டியும், பெட்டிக்கு அறுபது என்று இரண்டாயிரத்து எழுநூற்று அறுபது கைக்குழந்தைச் சட்டையும், எல்லாவற்றையும் கடைசியாகப் பார்த்து சரி என்று விட்டது இந்தக் கண்தான். மணி ஏழு பத்து. இன்னும் நேரம் இருக்கிறது. முதலில் புழுவை ஒழுங்காக எண்ண வேண்டும், பிறகு மற்றது.

லைன் வீடுகளுக்குப் பின்னால் யாரோ வாங்கிப்போட்ட காலி சைட், நான்கு மூலையிலும் மஞ்சள் கல், வடக்கு மூலைக் கல்லை ஒட்டி இந்த எருக்கு. மூன்று கிளை. இரண்டாவது கிளையில் கீழிருந்து ஐந்தாவது இலையின் ஓரத்தில் புழு. நேற்று நான்காவது இலையில் இருந்தது, அந்த இலையில் இப்போது நரம்பும் காம்பும்தான் மிச்சம். தின்பதற்கு முன்னால் அது இலையின் நடு நரம்பைக் கொஞ்சம் கடித்துவிடுகிறது, பால் சொட்டி வடிந்த பிறகு, இலை தளர்ந்து தொங்கிய பிறகுதான் ஓரத்திலிருந்து ஆரம்பிக்கிறது. செவ்வாய்க்கிழமை இதைப் பார்த்தபோது எனக்குப் பிடித்துப்போனது, வேலை தெரிந்த ஆள் என்று நினைத்தேன். வரியும் அப்படித்தான், கறுப்பு, வெள்ளை, கறுப்பு, மஞ்சள், பிறகு மறுபடியும் அதே வரிசை, முதுகில் ஓடி இரண்டு விலாவிலும் இறங்கும்போது ஒரு நூல்கூட ஏறி இறங்கவில்லை. கோடு போட்ட துணியை வெட்டித் தைத்தால் பக்கத் தையலில் கோடு கோட்டோடு சேராது, அதற்காகவே எத்தனை பீஸைத் திருப்பி அனுப்பியிருக்கிறேன். இது சேர்ந்திருந்தது. ஆனால் கொம்பு முன்னால் இரண்டு, பின்னால் இரண்டு, நடுவில் வரி வெறுமனே ஓடியது, எனக்கு அது உறுத்தியது, இவ்வளவு தூரம் விட்டுக் கொம்பு வைத்தால் நடுவில் ஒரு ஜோடி இருக்க வேண்டும் என்று தோன்றியது, பட்டன் வரிசையில் நடுப் பட்டன் விட்டுப்போன மாதிரி. டேமேஜ் பீஸ் என்று நினைத்தேன். குறை உள்ள பீஸ் என்றால் போட்டோ எடுத்து சூப்பர்வைசருக்கு அனுப்ப வேண்டும், ஒரு வருசமாக அப்படித்தான் நடக்கிறது, கைக்குப் பழகிவிட்டது. பையிலிருந்து போனை எடுத்துப் போட்டோ எடுத்துவிட்டேன். எடுத்த பிறகுதான் இதை யாருக்கு அனுப்புவது என்று யோசித்தேன். சிரிப்பு வந்தது, அறுபத்தொரு வயதில் காலி சைட்டில் நின்று புழுவுக்குக் குறை கண்டுபிடிக்கிறவள். அப்படி நினைத்ததால்தான் புதன்கிழமையும் எடுத்தேன், வியாழன், வெள்ளி, சனி, ஒவ்வொரு நாளும் ஒன்று, ஒரே பக்கத்திலிருந்து, நடுக்கொம்பு முளைக்கிறதா என்று பார்க்க. முளைக்கவில்லை. முளைக்கவில்லை என்றுதான் பார்த்தேன்.

இப்போது இடது கண்ணை மூடிப் பார்க்கிறேன், நான்கு. வலது கண்ணை மூடினால் பச்சையாக ஒரு கலங்கல், அதில் கறுப்பாக ஒரு கோடு, அந்தக் கண்ணிடம் எண்ணிக்கை கேட்க முடியாது. ஒன்பது வயதில் காய்ந்த பருத்திமார் கட்டு தூக்கி வரும்போது குச்சி குத்தியது, வெளிச்சம் தெரியும், ஆள் தெரியும், எழுத்து தெரியாது. ஆறாவதோடு படிப்பு நின்றதற்கு அதுதான் காரணம், வீட்டில் வேறு காரணம் சொல்லிக்கொண்டார்கள். இந்தச் சமாச்சாரம் கம்பெனியில் யாருக்கும் தெரியாது. முப்பத்திரண்டு வருசம், நான்கு கம்பெனி, எல்லா இடத்திலும் பீஸை மூக்குக்கு நேராகப் பிடிக்காமல் கொஞ்சம் வலது பக்கம் தள்ளிப் பிடித்தேன். பாவாயி அக்கா ஒரு தினுசாகத்தான் பார்ப்பாங்க, ஆனா ஒன்னையும் விடமாட்டாங்க என்பார்கள். தினுசு என்று நினைத்தது நல்லதாகப் போயிற்று. ஒரு கண்ணால் பார்க்கிறவள் என்று தெரிந்திருந்தால் யார் செக்கிங் டேபிளில் உட்கார வைத்திருப்பார்கள். நான் ஏமாற்றவில்லை, இரண்டு கண் இருக்கிறவர்கள் விட்டதையெல்லாம் நான் பிடித்தேன், ஊசி ஓட்டை, எண்ணெய்ச் சொட்டு, தையல் ஒரு இழை தாண்டியது, சாயத்தில் அரை மாத்து குறைந்தது. அப்படியென்றால் ஏமாற்று இல்லைதானே. இத்தனை வருசம் இதை யாரும் கேட்டதில்லை, நானே கேட்டு நானே பதில் சொல்லிக்கொள்கிறேன், இன்று காலையில் மட்டும் இது மூன்றாவது தடவை.

புதன்கிழமை டேபிளுக்கு மேலே இருக்கிற ட்யூப் லைட்டை நிமிர்ந்து பார்த்தேன். நடுவில் வளைந்திருந்தது. சூட்டில் இளகிய மெழுகுவத்தி மாதிரி, ஒரு விரல் அகலத்துக்குக் கீழே தொய்ந்திருந்தது. கண்ணாடிக் குழாய் எப்படி வளையும் என்று கழுத்தைச் சாய்த்தேன், வளைவும் கூடவே நகர்ந்தது, நான் எங்கே பார்க்கிறேனோ அங்கே வளைந்தது. தூக்கம் பத்தவில்லை என்று முகத்தைக் கழுவிக்கொண்டு வந்து உட்கார்ந்தேன், அப்போது முப்பத்தொன்றாவது பெட்டிக்கான பீஸ் டேபிளில் இருந்தது. அதற்குப் பிறகு நான் ட்யூப் லைட்டை நிமிர்ந்து பார்க்கவில்லை. பார்க்காமல் இருந்தது தற்செயல் என்று சொல்ல மாட்டேன். இப்போதும் தலைக்கு மேலே மூன்று கரண்ட் கம்பி போகிறது, நேராக இருக்கிறதா என்று ஒரு தடவை நிமிர்ந்தால் தெரிந்துவிடும், நான் புழுவையே பார்த்துக்கொண்டு நிற்கிறேன். புழு தின்பதை நிறுத்தியிருக்கிறது. தலையை இரண்டு பக்கமும் ஆட்டுகிறது, முன் கொம்பு இரண்டும் இலையைத் தடவுகிறது. நகர்ந்துவிடாதே, கொஞ்சம் இரு. கொசுவலை மாதிரி மெல்லிய வெயில் இலைமேல் விழ ஆரம்பித்திருக்கிறது, இன்னும் கால் மணி நேரத்தில் சூடு ஏறினால் அது அடியில் போய் ஒளிந்துகொள்ளும், ஒளிந்துகொண்டால் எனக்குப் போட்டோ கிடைக்காது, போட்டோ கிடைக்காவிட்டால் நான் எதையும் முடிவு செய்ய வேண்டியதில்லை, பத்து மணிக்கு வேன் போய்விடும். இந்த நினைப்பு எங்கிருந்து வந்தது என்று எனக்கே பயமாக இருந்தது. போனை எடுத்து உடனே ஒன்று எடுத்தேன். இலை ஆடிவிட்டது. இன்னொன்று. மூன்றாவதில் ஆடவில்லை.

"என்னக்கா, வெள்ளனவே வந்து நின்னுட்டீங்க, அதுக்குக் காப்பி கீப்பி கொடுத்தாச்சா?" பேச்சியம்மா பல் துலக்கிக்கொண்டே சந்துக்குள்ளிருந்து வந்தாள். தேனிப் பக்கத்துக்காரி, ஓவர்லாக் டைலர், என் கம்பெனி இல்லை, ஞாயிற்றுக்கிழமை ஆனால் அவளுக்கு வாய் கூடிவிடும். "தினம் ஒரு போட்டோ. பொண்ணு பாக்கப் போற எடத்துல காட்டப்போறீங்களா?" எனக்குச் சட்டென்று பேச வராது, வீட்டுக்கு வந்த பிறகு ராத்திரிதான் பதில் தோன்றும். பிறகு அவள் பிரஷை வாயிலிருந்து எடுக்கிற வரைக்கும் காத்திருந்து, "பேச்சி, இத இன்னொருக்கா எண்ணிச் சொல்லு" என்றேன். "எதக்கா, புழுவையா? ஒண்ணுதேன்." "கொம்பு." அவள் குனிந்தாள், வாயிலிருந்த நுரையை அந்தப் பக்கம் துப்பினாள், விரலை நீட்டி நீட்டி எண்ணினாள், முன்னால் இரண்டு, நடுவில் இரண்டு, பின்னால் இரண்டு. நடுவில் என்று அவள் விரல் காட்டிய இடத்தில் எனக்கு வரிதான் தெரிந்தது. "நடுவுல உள்ளது கொஞ்சம் குட்டையா இருக்கு, அதேன் நீங்க விட்டுட்டீங்க" என்றாள். பிறகு என் முகத்தைப் பார்த்தாள். "ஏங்க்கா, பந்தயம் ஏதும் கட்டியிருக்கீங்களா, மூஞ்சி இப்பிடி ஆயிப்போச்சு?" இல்லை என்று தலையாட்டினேன். "நீங்க பாத்தாலே தப்பாதும்பாங்க, நீங்களே ஒண்ண விட்டா எங்களுக்கெல்லாம் ஒரு நிம்மதிதேன்" என்று சிரித்துக்கொண்டே போனாள். கெட்ட எண்ணத்தில் சொல்லவில்லை. அவளுக்குத் தெரியாது.

விட்டது ஒன்றா என்பதுதான் இப்போது கேள்வி. கொம்பு விட்டால் புழுவுக்கு ஒன்றும் ஆகாது. வியாழக்கிழமை மூன்றாவது மெஷினில் ஊசி உடைந்தது. உடைந்த ஊசியின் துண்டெல்லாம் பொறுக்கி, செல்லோடேப் போட்டு நோட்டில் ஒட்டி, தேதி போட்டுக் கையெழுத்து வாங்கினால்தான் புது ஊசி. அன்றைக்கு இரண்டு துண்டு கிடைத்தது. இரண்டையும் முழு ஊசிக்குப் பக்கத்தில் வைத்துப் பார்த்தால் முனை குறைந்தது, அரிசி முனை அளவு. காந்தத்தை வைத்துத் தரையைத் துழாவினார்கள், மெஷினைக் கழற்றினார்கள், கிடைக்கவில்லை. சூப்பர்வைசர் லோகநாதன் அந்த மெஷினிலிருந்து வந்த ஐம்பத்தெட்டுச் சட்டையையும் ஒரு துணியில் கட்டி என் டேபிளில் வைத்து, "அக்கா, நீங்க பாத்துட்டீங்கன்னா முடிஞ்சுது" என்றார். பெரிய கம்பெனிகளில் ஊசியைக் கண்டுபிடிக்கிற மெஷின் இருக்கிறதாம், பெட்டி உள்ளே போனால் சத்தம் கொடுக்குமாம். எங்கள் யூனிட்டில் நான்தான் அந்த மெஷின். ஐம்பத்தெட்டையும் உள்ளும் வெளியும் திருப்பிப் பார்த்தேன், தையல் முழுக்க விரலால் அழுத்திக்கொண்டே போனேன். எட்டு வருசத்துக்கு முன்னால் ஒரு கழுத்துப் பட்டித் தையலுக்குள் நான் ஒரு முனையைக் கண்டுபிடித்தேன், ஒரு சின்ன மினுக்கு, கண்ணைத் திருப்பினால் போயிருக்கும், அன்றைக்கு முதலாளியே எழுந்து வந்து பார்த்தார். அந்த மினுக்கைத்தான் வியாழக்கிழமையும் தேடினேன். இல்லை. சரி என்று சொன்னேன். முப்பத்தாறு, முப்பத்தேழு இரண்டு பெட்டிக்குள் அவை போயின. இல்லை என்று நான் சொன்னதும் இல்லாமல் இருந்ததும் ஒன்றா. நடுக்கொம்பும் இல்லை என்றுதானே ஆறு நாளாகச் சொன்னேன். மூன்று மாதக் குழந்தைக்கான அளவு அது, கழுத்து இன்னும் நிற்காத வயது, அம்மாக்காரி சட்டையை விரித்துத் தலை வழியாக மாட்டி இழுப்பாள், குழந்தை அழுதால் பசி என்று நினைப்பாள், மறுபடியும் இழுப்பாள். இதற்குமேல் நினைக்காதே. கல்லை எண்ணு. நான்கு மூலை, நான்கு கல். எனக்கு ஒரு கல்தான் பக்கத்தில் தெரிகிறது, மற்ற மூன்றும் இருக்கிறது என்று தெரியும்.

போட்டோவைத் திறந்தேன். விரல் இரண்டையும் கண்ணாடியில் வைத்து விரிக்க எனக்குத் தயக்கம். விரிக்காதவரை நான்குதான். முதல் தடவை வழுக்கியது, முந்தானையில் விரலைத் துடைத்துக்கொண்டு மறுபடியும் விரித்தேன். புழு பெரிதாகியது, கட்டைவிரல் அளவு, உள்ளங்கை அளவு, வரிகள் அகன்று பட்டை பட்டையாக ஆயின, நடுப்பகுதியை ஓரத்துக்கு நகர்த்தினேன். இருந்தது. இரண்டு. கறுப்பாக, சற்றே வளைந்து, அடியில் குங்குமத்தைத் தொட்டு வைத்த மாதிரி சிவப்பு. எவ்வளவு ஒழுங்காக முளைத்திருக்கிறது, இரண்டும் ஒரே நீளம், ஒரே சாய்வு. குறை இல்லாத பீஸ். இதையா டேமேஜ் என்றேன் என்று முதலில் புழுவிடம்தான் வெட்கமாக இருந்தது, அப்புறம்தான் பெட்டிகள் நினைவுக்கு வந்தன. போனைத் தாழ்த்திவிட்டு நேரே புழுவைப் பார்த்தேன், நடுவை உற்றுப் பார்த்தேன், வரி. பார்வையைத் தலைப்பக்கம் கொண்டுபோனேன், ஓரத்தில் நடுக்கொம்பு இரண்டும் எழுந்து நின்றன, ஆனால் முன் கொம்பு போய்விட்டது. வாலைப் பார்த்தேன், வால் கொம்பு போயிற்று. பார்க்கிற இடத்தில் இல்லை, பார்க்காத இடத்தில் இருக்கிறது. நான் எதைப் பார்க்க வேண்டும் என்று கண்ணைக் கொண்டுபோகிறேனோ அதை இந்தக் கண் துடைத்துவிட்டு, பக்கத்தில் இருக்கிற வரியை இழுத்து அங்கே மூடிவிடுகிறது, ஓட்டை இருக்கிற இடத்தில் நல்ல துணியைக் காட்டுகிறது. கறுப்பாக, மறைப்பாக இருந்திருந்தால் அன்றைக்கே தெரிந்திருக்கும். கையை நீட்டி நடுவில் தொட்டேன். மெத்தென்று ஒன்று, பக்கத்தில் இன்னொன்று. புழு உடம்பைச் சுருக்கிக்கொண்டது. விரலுக்குத் தெரிந்தது கண்ணுக்குத் தெரியவில்லை.

ரங்காத்தாள் ஞாபகம் வருகிறது, வர வேண்டாம் என்று நினைக்கிறேன், வருகிறது. இந்த யூனிட்டில் எனக்கு முன்னால் கடைசி செக்கிங் அவள்தான். அவள் சரி என்று விட்ட பீஸில் குறை வர ஆரம்பித்தபோது அதை ஒவ்வொன்றாகக் கண்டுபிடித்தது நான். சிவப்பு அம்பு ஸ்டிக்கர் ஒட்டி டேபிளின் இந்த ஓரத்தில் அடுக்கினேன், ஒரு நாளைக்குப் பதினேழு, இருபத்திரண்டு, ஒரு நாள் முப்பது. அவள் அந்த அடுக்கைத் திரும்பிப் பார்க்கவே மாட்டாள். ஒருநாள் மட்டும் பக்கத்தில் வந்து, "பாவாயி, அத எனக்குப் பின்னால வெச்சுக்கக் கூடாதா?" என்று கேட்டாள். நான் சட்டென்று பதில் சொல்லவில்லை, ராத்திரி பதில் தோன்றியது, மறுநாள் சொல்லவில்லை. அவளைப் பிசிறு வெட்டப் போட்டார்கள், பிறகு பெட்டி ஒட்ட, பிறகு ஆர்டர் இருக்கும்போது சொல்லி அனுப்புகிறோம் என்றார்கள், சொல்லி அனுப்பவில்லை. கண்ணு போன அம்மா என்று அவளைப் பற்றிச் சொல்வார்கள், காது கேட்காதவளிடம் பேசுகிற மாதிரி அவளிடம் உரக்கப் பேசினார்கள். இனி என்னிடமும் உரக்கப் பேசுவார்கள். எனக்கு மெதுவாகப் பேசினால்தான் பிடிக்கும். என் அறைக்குள் யாரும் இல்லை, என் கையை எதிர்பார்த்தும் யாரும் இல்லை, நாளைக்கு டேபிள் இல்லை என்றால் காலையில் எழுந்து எங்கே போவது என்பதுதான், தலை சீவி, டிபன் கட்டி, எட்டரைக்கு எங்கே போவது.

ஆகவே குறைந்தது எவ்வளவு சொன்னால் போதும் என்று கணக்குப் போட ஆரம்பித்தேன். முப்பத்தாறு, முப்பத்தேழு, இந்த இரண்டை மட்டும் எடுத்து வையுங்கள், வியாழக்கிழமை ஊசி விசயம் மனசுக்கு ஒப்பவில்லை என்று சொல்லலாம். கண்ணைப் பற்றிச் சொல்ல வேண்டாம். ஆனால் ட்யூப் லைட் வளைந்தது புதன்கிழமை, அப்படியானால் முப்பத்தொன்றிலிருந்து. அது பதினாறு பெட்டி, தொள்ளாயிரத்து அறுபது சட்டை. அதோடு நிறுத்திக்கொள்ளலாமா. செவ்வாய்க்கிழமை போட்டோவைத் திறந்தேன், திறக்காமல் இருந்திருக்கலாம், இப்போது விரல் தானாகவே விரிக்கக் கற்றுக்கொண்டுவிட்டது. புழு அன்றைக்குச் சின்னது, பாதி அளவு, ஆனாலும் ஆறு. செவ்வாய்க்கிழமையே ஆறு, அன்றைக்கே நான் நான்கு என்றேன். செவ்வாய்க்கிழமை காலையில் டேபிளில் முதலில் இருந்தது இருபத்தேழாவது பெட்டி. அப்படியானால் இருபத்தேழிலிருந்து. அதற்கு முந்தின நாள்? முந்தின நாள் நான் எருக்குப் பக்கம் திரும்பவில்லை, புழு இல்லை, போட்டோ இல்லை, ட்யூப் லைட்டை நிமிர்ந்து பார்க்கவில்லை. எந்தச் சாட்சியும் இல்லாததால் அன்றைக்குக் கண் நன்றாக இருந்தது என்று எழுதிக்கொள்ளலாமா. என் கணக்குகள் எப்போதும் சரியாக இருக்கும், டைலர்கள் எண்ணிக்கையில் தகராறு வந்தால் என்னிடம்தான் வருவார்கள், ஆனால் நான் பார்த்ததைத்தான் எண்ண முடியும், பார்க்காமல் போனதை எந்த நோட்டில் எழுதி வைத்திருக்கிறேன். இருபத்தேழு என்று சொன்னால் யாரும் ஏன் என்று கேட்க மாட்டார்கள். துல்லியமாகச் சொல்கிறாள் என்றுதான் நினைப்பார்கள். என் துல்லியத்தை வைத்தே பொய் சொல்லலாம்.

மணி எட்டு ஐந்து. எனக்குப் போனில் பேச வராது, என்ன சொல்ல வேண்டும் என்று முன்னாலேயே மனசில் சொல்லிப் பார்த்துக்கொள்வேன். தம்பி, நான் பாவாயி பேசறேன். தம்பி, ஒரு விசயம். இரண்டு தடவை சொல்லிப் பார்த்தேன், மூன்றாவது வாக்கியம் வரவில்லை. புழு மறுபடியும் இலையின் ஓரத்தில் வாயை வைத்துத் தின்னத் தொடங்கியது, மேலிருந்து கீழாக, ஒரே சீராக, ஒரு வரிசை முடிந்ததும் மறுபடியும் மேலே போய் அடுத்த வரிசை. ஒரு வரிசை முடியட்டும் என்று நின்றேன். முடிந்தது. இன்னும் ஒன்று. அதுவும் முடிந்தது. மூன்றாவது வரிசையின் பாதியில் லோகநாதன் பெயரை அழுத்திவிட்டேன். உடனே எடுத்தார். பின்னால் வண்டி சத்தம் கேட்டது.

"சொல்லுங்க்கா. ஞாயித்துக்கெழமைகூட உங்களுக்குத் தூக்கம் வராதுங்களா?"

"வேன் பத்து மணிக்குத்தானுங்களே தம்பி?"

"அது ஏழரைக்கே வந்து நிக்குதுங்க்கா. டிரைவரு ஒரு கண்ணாலத்துக்குப் போகோணுமாம், நம்ம உயிர எடுக்கறான். இருவது பெட்டி ஏத்தியாச்சு."

"ஏத்தாதீங்க" என்றேன். நான் சொல்லிப் பார்த்த வாக்கியங்களில் இது இல்லை.

"என்னுங்க்கா?"

"திருப்பிப் பாக்கோணுங்க."

அவர் வண்டி சத்தத்திலிருந்து தள்ளிப் போனார். பிறகு குரலைத் தாழ்த்தி, "வியாழக்கெழம ஊசிங்களா? அட, எனக்கும் ராத்திரி அதே நெனப்புத்தானுங்க்கா. ஆனா நீங்க பாத்ததுக்கு அப்பறம் என்ன இருக்குது. செரி, உங்க மனசுக்கு இருந்தா வாங்க. முப்பத்தாறையும் முப்பத்தேழையும் தனியா எடுத்து வெக்கறேன், நீங்களே இன்னொருக்கா பாத்திருங்க. அரை மணி நேரந்தானுங்களே. டிரைவருக்கு ஒரு டீ வாங்கிக் குடுத்து உக்கார வெக்கறேன்."

அவ்வளவுதான், வழி திறந்துவிட்டது. தலை சீவிக்கொண்டு போகலாம். டேபிளில் உட்காரலாம், லைட்டைப் போடலாம், நூற்றிருபது சட்டையையும் வலது பக்கம் தள்ளிப் பிடித்து ஒவ்வொன்றாகத் திருப்பலாம், இல்லை என்று இரண்டாவது தடவை சொல்லலாம். இரண்டு தடவை பார்த்தாங்க பாவாயி அக்கா, மனசு கேட்காம ஞாயித்துக்கெழமை வந்து பார்த்தாங்க என்று வருசக்கணக்கில் சொல்வார்கள். என் மேல் நம்பிக்கை இன்னும் கூடும். மஞ்சள் கல்லில் கையை ஊன்றிக்கொண்டேன்.

"நான் பாக்கக் கூடாதுங்க தம்பி."

"ஏனுங்க, ஒடம்பு செரியில்லீங்களா?"

"கண்ணு. நடுவுல தெரியறதில்லீங்க."

"நடுவுலன்னா?"

"பாக்கற எடத்துல தெரியறதில்ல. சுத்தி எல்லாம் தெரியுது. பாக்கோணும்னு எதைப் பாக்கறனோ அது மட்டும் தெரியறதில்ல." அதோடு நிறுத்தியிருக்கலாம். "இன்னொரு கண்ணு சின்னதுல இருந்தே இல்லீங்க" என்றும் சொன்னேன். முப்பத்திரண்டு வருசத்தில் அதை வாய்விட்டுச் சொன்னது அதுதான் முதல் தடவை, காலி சைட்டில் யாரும் இல்லை, இருந்தாலும் சுற்றிப் பார்த்துக்கொண்டேன்.

அவர் போனை வாயிலிருந்து நகர்த்தி, "டேய், நிறுத்துங்கடா. கீழ வெய்யி. வெய்யிங்கறேன்ல" என்றார். ஏதோ ஒன்று தொப்பென்று வைக்கிற சத்தம், யாரோ ஏன் என்று கேட்கிற சத்தம். பிறகு மறுபடியும் பக்கத்தில் வந்தார். கோபமா என்று குரலில் தேடினேன், எனக்குத் தெரியவில்லை. உரக்கப் பேசவில்லை, அது மட்டும் தெரிந்தது.

"செரிங்க்கா. பக்கத்து யூனிட்ல ரெண்டு செக்கிங் புள்ளைங்கள வரச் சொல்லறேன். நீங்க எண்ணிக்கை மட்டும் சொல்லுங்க, அது உங்களுக்குத்தான் தெரியும். எந்தப் பெட்டில இருந்து பிரிக்கட்டும்?"

"ஒண்ணுல இருந்துங்க" என்றேன்.